அழுதது தப்பா, அம்மிணி?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: “அண்ணன் குடும்பத்தோடு ஈரோட்டுக்குப் போய் ஒரு குடும்பப் படம் பார்த்தோம். தோட்டத்தில் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தங்கை நிற்கிற கதை. நான் அழுதேன். அண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டார். ஒரு விமர்சகர் ‘துணிச்சலான படம்’ என்கிறார். இன்னொருவர் ‘குடும்பத்தைப் பிரிக்கும் அழுகை நாடகம்’ என்று கிழித்திருக்கிறார். அதை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். யாரை நம்புவது? எனக்குத்தான் ரசனை இல்லையா?”

அம்மிணி, நீங்கள் அனுப்பிய இரண்டு விமர்சனங்களையும் படித்தேன். இருவரும் ஒரே காட்சியில்தான் மோதுகிறார்கள்: அண்ணன் கல்யாணத்தில் தங்கை இணைச்சீர் செய்தது அவளுக்கு நினைவு வரும் இடம். கல்யாணமானாலும் கூடப் பிறந்தவளை மறக்க மாட்டேன் என்பதுதானே நம் பக்கத்தில் அந்தச் சீருக்குப் பொருள்? ஒருவருக்கு அது படத்தின் உயிர். மற்றவருக்கு வலிந்து வரவழைத்த கண்ணீர்.

பின்னணி இசை ஓயவே இல்லை என்று படத்தைக் கிழித்தவர் சொல்கிறாரே, அது நியாயமான குறை. ஆனால் ‘எந்தத் தங்கை அண்ணனிடம் இப்படிக் கணக்குப் பார்ப்பாள்?’ என்று கேட்கும்போது அவர் சினிமாவை விட்டுத் தன் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எந்த விமர்சனத்திலும் இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். பாராட்டியவரும் அப்படித்தான். அவர் புகழ்வது பாதி அந்தப் பெண்ணின் பிடிவாதத்தை.

குடும்பக் கதைகளுக்கு இது புதிதல்ல. 1966-இல் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை ஆனந்த விகடனில் வந்தபோது வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். சண்டை எழுத்து நடைக்காக அல்ல. களங்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஒரு தாய் சொல்லலாமா என்பதற்காக. அந்தத் தாய் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறவன் அண்ணன்தான்.

கடிதத்தின் ஓரத்தில், “பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் கையெழுத்துப் போட்டேன்” என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை விட அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989-இல், அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு, பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-இல் நாடு முழுக்க மகள்களுக்கு வந்தது. ஆக, அந்தத் தங்கை கேட்பது இயக்குநர் கற்பனை செய்த உரிமை அல்ல. நீங்கள் அழுததற்கு எந்த விமர்சகரும் மதிப்பெண் போட முடியாது.

சரி, அண்ணனுக்குப் பதிலடியாக இன்னொரு விமர்சனத்தை அனுப்பி வைக்காதீர்கள். அடுத்த நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “எந்தச் சீன்லீங்ணா எந்திரிச்சுப் போனீங்க?” அவர் சொல்லி முடித்ததும், நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.