வேப்பமரத்தை வெட்ட மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள், எது நியாயம்?

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. மாமனார் வைத்தது, 40 வயதிருக்கும். வீடு கட்டி 15 வருடம்தான் ஆகிறது. சுவருக்கும் மரத்துக்கும் ஏழெட்டு அடிதான் இடைவெளி. ஒரு பெருங்கிளை மொட்டைமாடிக்கு மேலே வந்துவிட்டது, பின்சுவரில் விரிசலும் தெரிகிறது. வெட்டிவிடலாம் என்று விசாரித்தால் ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 18,000. மூன்றாமவர், "காசே வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். யாரிடம் கொடுப்பது?

பதில்: மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அம்மா. மரத்தை இறக்குவது ஒரு வேலை. தழையையும் கட்டையையும் அப்புறப்படுத்துவது ஒரு வேலை. வேர்க்கட்டையைத் தோண்டுவது இன்னொன்று. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் அடிமரத்தின் விலை இருக்கிறது. இந்த நான்கையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எது மலிவு, எது அதிகம் என்று பேசவே முடியும்.

கூலியைத் தீர்மானிப்பது மரத்தின் உயரத்தைவிட அது விழ இடம் இருக்கிறதா என்பதுதான். தோப்பில் நிற்கும் மரத்தைக் கயிறு கட்டி இழுத்து ஒரே வெட்டில் சாய்க்கலாம். அரை நாளில் முடியும். உங்கள் மரத்துக்கு ஒரு பக்கம் வீடு. மற்ற பக்கங்களில் காம்பவுண்டும் பக்கத்து வீடும் இருந்தால் சாய்க்கவே வழியில்லை. ஆள் மேலே ஏறி, துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் இறக்க வேண்டும். ஓரடி விட்டமும் ஐந்தடி நீளமும் உள்ள பச்சை வேப்பங்கட்டை ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். அது மாடியின் கைப்பிடிச் சுவரில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 35,000 கேட்டவர் கிரேனையோ கூடுதல் ஆட்களையோ கணக்கில் வைத்திருக்கலாம். சந்து குறுகலாக இருந்து வண்டி பின்பக்கம் வர முடியாவிட்டால், கட்டையைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவரும் கூலியும் அதில் சேர்ந்திருக்கும்.

இப்போது 'காசே வேண்டாம்' என்பவர். என் அக்கா வீட்டு மாமரத்தை இப்படித்தான் கொடுத்தோம். அடிமரமும் பெருங்கிளைகளும் முதல் நாளே லாரி ஏறிவிட்டன. தழையும் சுள்ளியும் ஒரு மாதம் வாசலில் கிடந்தன. அதை அள்ள டிராக்டருக்கும் ஆளுக்கும் நாங்கள்தான் கொடுத்தோம். அதனால் இலவசம் என்று யார் சொன்னாலும், அடிமரத்தின் மதிப்பு என்ன என்று முதலில் நீங்களே கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு தையல் டேப் போதும்.

மரக்கடையில் உருட்டுக்கட்டையை இப்படித்தான் அளப்பார்கள்: அடிமரத்தின் நடுவில் சுற்றளவை எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. உங்கள் மரம் 6 அடி சுற்றளவு, கிளை பிரியும் வரை 8 அடி நேர்மரம் என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ நாலால் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. அதை எட்டால் பெருக்கினால் 18 கன அடி. (உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 23 வரும். அறுக்கும்போது கழியும் பக்கப் பலகைக்காக இந்தக் கணக்கில் குறைத்துக்கொள்கிறார்கள். வியாபாரத்தில் இதுதான் வழக்கம், ஏமாற்று இல்லை.) பக்கத்து அறுவை மில்லில் வேப்ப உருட்டு கன அடி என்ன விலை என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 400 ரூபாய் என்றால் 7,200 ஆகிறது. கூலி 18,000 ஆகும் மரத்தை ஒருவர் 7,200 ரூபாய்க் கட்டைக்காகச் சும்மா வெட்டித் தருகிறார் என்றால், எங்கோ ஒரு வேலையை விடப்போகிறார். பெரும்பாலும் அது தழை அள்ளுவதும் வேர்க்கட்டையும்தான். சில நேரம் மேலே ஏறுபவரின் கயிறும் தலைக்கவசமும்.

வியாபாரி உங்கள் கணக்கைவிடக் குறைத்துக் கேட்பார். வீட்டு மரத்தில் கொடி கட்ட அடித்த ஆணி எங்காவது புதைந்திருக்கும். அது மில்லில் ரம்பப் பட்டையைக் கெடுத்துவிடும். உள்ளே பொந்து இருந்தாலும் விலை இறங்கும். இந்தக் குறைப்பு நியாயமானதுதான். ஆனால் வைரம் பாய்ந்த வேம்பு நிலைக்கும் கதவுக்கும் ஆகும் மரம். விறகு விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேர்க்கட்டையை அப்படியே விட்டால் செலவில்லை, ஆனால் வேம்பு அடியிலிருந்து துளிர்க்கும். துளிரை விடாமல் ஒடித்துக்கொண்டே வந்தால் கட்டை சோர்ந்து மக்கிவிடும். ஜேசிபி வைத்துப் பிடுங்கலாம் என்பார்கள். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை, அதைவிட முக்கியமாக, சுவரிலிருந்து ஏழெட்டு அடியில் வேரைப் பிடுங்கினால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணும் பெயர்ந்து வரும். உங்கள் இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

விரிசலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. திருமங்கலம் பக்கம் கரிசல் மண் அதிகம். கரிசல், ஈரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். வேர் சுவரைத் தள்ளுவதைவிட, மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் தரை இறங்கி விரிசல் விடுவதே இந்த மண்ணில் சகஜம். உங்கள் வீடு மரத்துக்குப் பிறகு கட்டியது. அதாவது, மரம் உறிஞ்சிக் காய்ந்த மண்ணின் மேல் அஸ்திவாரம் போட்டிருக்கலாம். மரத்தை எடுத்துவிட்டால் ஈரம் திரும்பி, மண் மெல்ல மெல்ல உப்பி, தரையைத் தூக்கக்கூடும். வெட்டிய பிறகு விரிசல் பெருகிய வீடுகள் உண்டு. ஆகவே வெட்டும் முன் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலத்தைக் குறித்து வையுங்கள். வெயில் காலத்தில் விரிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் மூடினால் காரணம் மண்தான்.

அதுவரை மொட்டைமாடிக் கிளையை மட்டும் கழித்துவிடலாம். பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான், முழு மரத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு. முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு பிறகு மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள், பட்டை உரியாது. ஆனால் மரத்தடியில் காளான் பூத்திருந்தாலோ, அடியில் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்டாலோ, மரம் சமீபத்தில் சாய்ந்து அடிமண் பிளந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு ஆளே கிடைக்க மாட்டார்கள், கேட்கிற கூலியைத்தான் கொடுக்க வேண்டும்.

அனுமதி விஷயம்: மரம் உங்கள் பட்டாவுக்குள்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்குங்கள். காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்பது உங்கள் மரம் இல்லை. சந்தனம் சொந்தக் கொல்லையில் நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் தொடக் கூடாது. மின்கம்பி கிளையை ஒட்டிப் போனால், வெட்டும் நாளில் மின்சாரத்தை நிறுத்தித் தரும்படி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். "பார்த்து வெட்டிக்கிறோம்" என்று யார் சொன்னாலும், மின்சாரம் நிற்காமல் ஆளை ஏறவிடாதீர்கள்.

முழு மரத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், 18,000 சொன்னவரிடம் முதலில் பேசுங்கள். மாடிக் கிளையை எந்தப் பக்கம் இறக்குவீர்கள், எத்தனை ஆள், கயிறும் இடுப்புப் பட்டையும் இருக்கிறதா, மாடியோ சுவரோ உடைந்தால் யார் பொறுப்பு, ஆளுக்கு அடிபட்டால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். நின்று நிதானமாகப் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கால்பங்கு முன்பணம் போதும். மீதியைக் கடைசித் தழையும் வண்டி ஏறிய பிறகு கொடுங்கள்.