பம்ப் சிமுலேஷனுக்கு 64 கோர் மெஷின் தேவையா?

கேள்வி: கோவையில் மூன்று பேர் சேர்ந்து பம்ப் டிசைன் அலுவலகம் நடத்துகிறோம். இம்பெல்லர், கேசிங் இரண்டுக்கும் ஆன்சிஸ் சாஃப்ட்வேரில் நீரோட்ட சிமுலேஷன் செய்கிறோம். மாடலைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கும் மெஷ் பெரும்பாலும் 50 லட்சம் செல்லுக்குள் அடங்கிவிடும். இப்போதுள்ள 8 கோர் கம்ப்யூட்டரில் ஒரு ரன் முடிய ராத்திரி முழுக்க ஆகிறது. டீலர் 64 கோர் த்ரெட்ரிப்பர் ப்ராசசர் எடுக்கச் சொல்கிறார். நண்பர் 16 கோர் ரைசன் ப்ராசசரே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: 64 கோர் உங்களுக்கு வேண்டாம். 16 கோரா 24 கோரா என்பதை உங்கள் ஆன்சிஸ் லைசென்ஸ் பேப்பரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

நீரோட்டத்தைக் கணக்கிடும் சால்வர் ஒவ்வொரு சுற்றிலும் மெஷ்ஷின் மொத்தத் தகவலையும் ரேமிலிருந்து எடுத்து, ஒரு செல்லுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டு, திரும்ப எழுதிவைக்கிறது. கணக்கு குறைவு, போக்குவரத்து அதிகம். ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல், கணக்குப் போடும் கோர்கள் தகவல் வந்து சேருவதற்காகக் காத்திருக்கின்றன. இன்னும் கோர் சேர்த்தால் காத்திருப்பவைதான் கூடும். இந்த வேலையில் விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது மெமரி சேனல், அதாவது ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதைகளின் எண்ணிக்கை.

ரைசன் 9 9950எக்ஸ் 16 கோர் கொண்டது. 2024 ஆகஸ்டில் 649 டாலருக்கு வந்தது. இரண்டு சேனல், டிடிஆர்5-5600 ரேம் போட்டால் வினாடிக்கு 89.6 ஜிபி வரை தகவல் நகரும். 2025 ஜூலையில் வந்த த்ரெட்ரிப்பர் 9000 வரிசையில் நான்கு சேனல், டிடிஆர்5-6400-இல் 204.8 ஜிபி. இங்கேதான் கவனம் வேண்டும். 24 கோர் 9960எக்ஸ் (1,499 டாலர்), 32 கோர் 9970எக்ஸ் (2,499), 64 கோர் 9980எக்ஸ் (4,999) மூன்றுக்குமே அதே 204.8 ஜிபிதான். பங்கு போட்டுப் பாருங்கள்: 24 கோரில் ஒரு கோருக்கு 8.5 ஜிபி, 32 கோரில் 6.4, 64 கோரில் வெறும் 3.2. அந்த 16 கோர் ரைசனில்கூட 5.6 கிடைக்கிறது. 64 கோரில் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரி அதிகம் என்பதால் கொஞ்சம் வேகம் கூடும்தான். ஆனால் மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுக்கும் அளவுக்குக் கூடாது. ஃபர்னிச்சர் மாடலை நிஜப் படம் போல மாற்றும் ரெண்டரிங் வேலை செய்கிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்த வேலையின் வேகம் கோர் எண்ணிக்கையோடு நன்றாகவே ஏறும்.

எட்டு சேனல் உள்ள த்ரெட்ரிப்பர் ப்ரோவை யாராவது பரிந்துரைக்கலாம். அதன் 24, 32 கோர் மாடல்களில் உள்ளே கோர்கள் அடங்கிய சிறு சிப்கள், அதாவது சிப்லெட்கள், நான்குதான் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்லெட்டும் இழுக்கக்கூடிய தகவலுக்கு வரம்பு உண்டு என்பதால் எட்டு சேனலின் முழுப் பலன் கைக்கு வராது. அதற்கு மேல் மதர்போர்டு விலையும் எட்டு ரேம் குச்சியின் விலையும் சேரும். சால்வருக்கென்றே தனி மெஷின் வைக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு, எபிக் 9354 மாதிரி சர்வர் ப்ராசசர் பக்கம் போகலாம். 32 கோர், 12 சேனல், 460.8 ஜிபி. ஆனால் அதன் உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். அதில் உட்கார்ந்து மாடல் வரைவது சிரமம். கம்ப்யூட்டரில் மாடல் வரையும் கேட் (CAD) வேலை பெரும்பாலும் ஒற்றைக் கோரை நம்பியது.

அடுத்தது லைசென்ஸ். பலர் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆன்சிஸின் வழக்கமான ஏற்பாட்டில் அடிப்படை லைசென்ஸ் 4 கோருக்கு. கூடுதல் கோர்களுக்கான லைசென்ஸான ஹெச்பிசி பேக் ஒன்று சேர்த்தால் 12 கோர், இரண்டு சேர்த்தால் 36, மூன்று சேர்த்தால் 132. உங்களிடம் ஒரு பேக் மட்டும் இருந்தால் சால்வர் 12 கோருக்கு மேல் தொடவே தொடாது. அப்போது நண்பர் சொன்ன ரைசன்தான் சரி. 12 கோருக்கு அந்த 89.6 ஜிபியும் தாராளம். இரண்டு பேக் இருந்தால் 9960எக்ஸ் எடுங்கள். 64 கோரையும் ஓட்ட மூன்றாவது பேக் வேண்டும். அந்தச் செலவை டீலர் சொல்லியிருக்க மாட்டார். எதற்கும் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஓப்பன்ஃபோம் என்ற இலவச சிமுலேஷன் சாஃப்ட்வேருக்கு மாறினால் லைசென்ஸ் தடை கிடையாது, ஆனால் மெமரி கணக்கு அதேதான்.

ரேமில் கோட்டை விடாதீர்கள். 50 லட்சம் செல்லுக்கு 64 ஜிபி போதும், 128 ஜிபி தாராளம். த்ரெட்ரிப்பரில் நான்கு குச்சி போட்டால்தான் நான்கு சேனலும் வேலை செய்யும். இரண்டு 64 ஜிபி குச்சி போட்டுக் கொடுத்தால் பாதி வேகம் போச்சு. நான்கு 32 ஜிபி கேட்டு வாங்குங்கள். சாதாரண ரேம் அதில் பொருந்தாது, சர்வர்களில் போடும் ஆர்டிம் (RDIMM) வகை வேண்டும், விலை அதிகம். ரைசனில் நேர்மாறு: இரண்டு குச்சியோடு நிறுத்துங்கள். நான்கு போட்டால் வேகம் இறங்கும். அதிகாரப்பூர்வ வரம்பு டிடிஆர்5-3600 வரை தாழ்கிறது.

த்ரெட்ரிப்பர் 350 வாட் ப்ராசசர், ரைசன் 170 வாட். ராத்திரி ரன் நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் வீண் என்பதால் யூபிஎஸ்ஸையும் பட்ஜெட்டில் சேருங்கள். மேலே சொன்ன டாலர் விலைகள் அறிமுக விலைகள். இங்கே வரியெல்லாம் சேர்ந்து கூடும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வழக்கமான கேஸ் ஒன்றை இப்போதைய மெஷினில் 2, 4, 6, 8 கோரில் நூறு சுற்று மட்டும் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4-லிருந்து 8-க்குப் போகும்போது நேரம் பாதியாகக் குறையாமல் கொஞ்சம்தான் குறைந்தால், உங்களைத் தடுப்பது பெரும்பாலும் மெமரிதான். அப்புறம் அதே ஃபைலை டீலரிடம் கொடுத்து, அவர் விற்க நினைக்கும் மெஷினில் 12, 24, 64 கோரில் உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரங்களைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.