இரும்பு ஜாயிஸ்ட் போட்ட மாடித்தளம்: கேள்வி பதில்

மெல்லிய கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்புத் தகட்டை சி வடிவில் மடித்துச் செய்யும் ஜாயிஸ்ட்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கேள்வி: ஜாயிஸ்ட், பீம் இரண்டும் ஒன்றுதானா?

தளப்பலகையை நேரடியாகத் தாங்குவது ஜாயிஸ்ட். 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் வரிசையாக ஓடும். ஜாயிஸ்ட்களின் முனையைத் தாங்குவது பீம் அல்லது சுவர்.

கேள்வி: கீழ்ச் சுவரும் இரும்புச் சட்டம்தான். ஜாயிஸ்ட் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமா?

கூடாது. சுவரின் நிற்கும் சட்டத்துக்கு நேர் மேலே உட்கார வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்தால் சுவரின் மேல் டிராக் (சட்டங்களின் தலையில் படுத்திருக்கும் தகடு) வளைந்துவிடும்.

கேள்வி: மாடியில் குளியலறை வருகிறது. 110 மி.மீ. கழிவுக் குழாயை ஜாயிஸ்ட்டில் ஓட்டை போட்டுக் கொண்டுபோகலாமா?

சி வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும் தகடு வெப். மேலும் கீழும் படுத்திருப்பது ஃபிளாஞ்ச். சுமை ஏறும்போது மேல் ஃபிளாஞ்ச் நசுங்கப் பார்க்கும், கீழ் ஃபிளாஞ்ச் இழுபடும். வளைவைத் தாங்குவது முக்கியமாக இந்த இரண்டும்தான். ஆகவே ஃபிளாஞ்சையும் அதன் ஓரத்தில் மடித்திருக்கும் லிப்பையும் தொடவே கூடாது. வெப்பின் நடு உயரத்தில், தாங்கும் முனையிலிருந்து தள்ளி, தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் ஓட்டை இருக்கலாம். பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே போட்டுத் தருவார்கள்.

உங்கள் குழாயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். ஜாயிஸ்ட்களைக் குறுக்கே வெட்டிப் போனால் ஒவ்வொரு ஓட்டையும் முந்தையதைவிடக் கீழே இறங்கி, கடைசியில் ஃபிளாஞ்சில் போய் நிற்கும். குழாயை ஜாயிஸ்ட்களுக்கு இணையாக, இரண்டுக்கும் நடுவே ஓடவிடுங்கள். இல்லையென்றால் அடியில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தொங்கவிடுங்கள்.

கேள்வி: 550 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல், வலிமையின் அளவு) கிரேடு இரும்பில் ஜாயிஸ்ட் கிடைக்கிறது. சாதாரண 350 கிரேடில் 250 மி.மீ. உயரம் தேவைப்பட்ட இடத்தில் இதை 200 மி.மீ. உயரத்தில் போட்டு, கூரை உயரத்தை மிச்சப்படுத்தலாம் இல்லையா?

பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கிரேடு கூடினால் இரும்பு உடையவோ நிரந்தரமாக வளையவோ கூடுதல் சுமை வேண்டும், அது சரி. ஆனால் அதே சுமைக்கு எவ்வளவு தொய்யும் என்பதைத் தீர்மானிப்பது இரும்பின் மீள்தன்மைக் குணகம். அது 350 கிரேடிலும் 550 கிரேடிலும் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல்தான். கிரேடுக்குக் காசு கொடுத்தால் விறைப்பு கூடிவிடாது.

விறைப்பைத் தருவது உயரம். பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து அழுத்துங்கள், பிறகு நிமிர்த்தி அழுத்துங்கள், புரிந்துவிடும். கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 2 மி.மீ. தகடு, 65 மி.மீ. ஃபிளாஞ்ச், 15 மி.மீ. லிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை 200-இலிருந்து 250 ஆக்கினால் இரும்பு சுமார் 14 சதவீதம் கூடும். விறைப்போ 70 சதவீதத்துக்குப் பக்கமாகக் கூடும். உயரத்தை விட்டுவிட்டுத் தகட்டை 2.5 மி.மீ. ஆக்கினால் 25 சதவீத இரும்புக்கு 25 சதவீத விறைப்பு, அவ்வளவுதான்.

அதே நண்பர் மீண்டும்: தொய்வு என்பது வெறும் சௌகரியம். கட்டடம் விழாமல் இருப்பது வலிமையால்தானே?

நல்ல கேள்வி, பாதி உண்மையும் இருக்கிறது. ஸ்பான் (இரண்டு தாங்கும் முனைகளுக்கு இடைப்பட்ட நீளம்) குறைவாக, சுமை அதிகமாக இருக்கும் இடத்தில், உதாரணமாகப் புத்தகக் கிடங்கில், வலிமைதான் முதலில் கைவிடும். அங்கே கிரேடு உதவும். ஆனால் வீட்டு அறைக்கு ஸ்பான் நீளும்போது முதலில் கைவிடுவது விறைப்பு. ஒரே சீரான சுமைக்குத் தொய்வு ஸ்பானின் நான்காம் அடுக்காக ஏறும். 4 மீட்டரை 5 மீட்டராக்கினால் தொய்வு 2.4 மடங்குக்கும் மேல்!

சௌகரியம்தானே என்று தள்ளவும் முடியாது. தளம் தொய்ந்தால் டைல்ஸ் விரியும், அடியில் ஜிப்சம் சீலிங்கின் இணைப்பு பிளக்கும், கதவு பிடிக்கும்.

இன்னொருவர்: எங்கள் தளம் ஸ்பானில் 360-இல் ஒரு பங்கு என்ற தொய்வு வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் யாராவது நடந்தால் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. முந்தைய நண்பர் சொல்வது சரியா, நீங்கள் சொல்வதா?

உங்கள் அலமாரியே என் பக்கம் சாட்சி சொல்கிறது. அந்த வரம்பு அசையாத சுமைக்கானது, அதிர்வைப் பற்றி எதுவும் சொல்லாது. மனித உடல் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் மிகக் கூர்மையாக உணரும். அதனால் தளத்தின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) 8 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது நல்லது. தோராயக் கணக்கு எளிது: தளத்தின் சொந்த எடையும் அதன்மேல் எப்போதும் இருக்கும் எடையும் சேர்ந்து எத்தனை மி.மீ. தொய்வு தருகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுங்கள். 5 மி.மீ. என்றால் 8 ஹெர்ட்ஸ். இதற்கும் 550 கிரேடு ஒரு பைசா உதவி செய்யாது. ஜாயிஸ்ட்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் போட்டு, தளப்பலகையைப் பசையும் ஸ்க்ரூவும் சேர்த்து இறுக்கினால் உங்களுக்குக் கொஞ்சம் விடிவு கிடைக்கும்.

கேள்வி: குறுக்குக் கட்டை கட்டாயமா? ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்கிறார்.

கட்டாயம். சி வடிவ ஜாயிஸ்ட் சுமை ஏறினால் நேராகக் கீழே மட்டும் தொய்யாது, முறுக்கவும் செய்யும். ஏனென்றால் அதன் வெட்டுமையம் (சுமை அதன் வழியே போனால் முறுக்காத புள்ளி) வெப்புக்கு வெளியே, வெறும் காற்றில் இருக்கிறது. மேலே பலகையும் இடையிடையே கட்டையும் பட்டையும் சேர்ந்துதான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இவை பொருத்தி முடியும் முன் ஜாயிஸ்ட் மேல் யாரும் நடக்கக் கூடாது, பலகைகளை அடுக்கி ஏற்றி வைக்கவும் கூடாது. தளம் புரண்டு ஆள் விழுவது இந்த இடைவேளையில்தான். முனைகளில் வெப் நசுங்காமல் இருக்க, விறைப்புத் துண்டு வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஏசி குழாய் போகக் கீழ் ஃபிளாஞ்சில் சின்னதாக ஒரு வெட்டு...

கூடாது. மேலே எழுதியிருக்கிறேன். செம்புக் குழாய் வெப் ஓட்டை வழியே போனாலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஈரத்தில் செம்பு பட்டால் துத்தநாகப் பூச்சு அரித்துப் போகும்.

கேள்வி: ஜாயிஸ்ட் மேல் 100 மி.மீ. கான்கிரீட் ஊற்றலாமா?

அது மட்டுமே சதுர மீட்டருக்கு 240 கிலோ. வீட்டுத் தளத்துக்கு ஆள், சாமான் என்று வழக்கமாக எடுக்கும் சுமையே சுமார் 200 கிலோதான். அந்த எடைக்கென்று வடிவமைக்காத ஜாயிஸ்ட்டில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: தீ பிடித்தால்?

இரும்பு எரியாது, ஆனால் 550 முதல் 600 டிகிரியில் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கும். மெல்லிய தகடு வேகமாகச் சூடேறும். அதனால் அடியில் ஜிப்சம் சீலிங் அழகுக்காக அல்ல. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை சூடு மேலே வேகமாக ஏறாது. விளக்குக்காக அதில் கண்டபடி துளை போட்டால் அந்தக் காப்பு போயிற்று.

கேள்வி: வெல்டிங் செய்யலாமா?

வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்க்ரூ போடுங்கள்.

கேள்வி: ஃபிளாஞ்சில் ஒரே ஒரு கம்பி போகிற அளவுக்கு ஓட்டை?

ஃபிளாஞ்ச் என்றாலே வேண்டாம். வெப்பில் ஓட்டை இருக்கிறது, அதில் கொண்டுபோங்கள்.

கேள்வி: 4.2 மீட்டர் அறை. என்ன அளவு ஜாயிஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதையே பலர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்பானை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. தளத்தின் மேல் டைல்ஸா பலகையா, நடுவில் தடுப்புச் சுவர் ஏறுகிறதா, ஜாயிஸ்ட் ஒரே ஸ்பானா இரண்டு ஸ்பான் தொடர்ச்சியா, இடைவெளி 400-ஆ 600-ஆ, குளியலறைத் தொட்டி எங்கே வருகிறது என்பதையெல்லாம் எழுதிக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். தொய்வு வரம்போடு அதிர்வையும் பார்த்துத் தரும்படி கேளுங்கள். கேட்காவிட்டால் சிலர் பார்ப்பதில்லை.