மிதக்கும் காற்றாலை: பட்டறைக்காரர் எதில் பணம் போடலாம்?

கேள்வி: திருவொற்றியூரில் இருபது ஆண்டுகளாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். கடலில் மிதக்கும் காற்றாலைகளுக்கு அடித்தளம் செய்யும் வேலை எண்ணூர்ப் பக்கம் வரும் என்கிறார்கள். கடன் வாங்கித் தகடு உருட்டும் பெரிய இயந்திரம் போடலாமா?

பதில்: வேண்டாம். மிதக்கும் அடித்தளத்தின் தூண்கள் ஒவ்வொன்றின் விட்டமும் பத்து மீட்டர் அளவில் இருக்கும். உருட்டி முடித்தாலும், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை எப்படிக் கொண்டுபோவீர்கள்? அது கடலோரத்திலேயே கட்ட வேண்டிய பொருள்.

எந்த வகை மிதவை என்பதும் முக்கியம். ஸ்காட்லாந்தில் 2017இல் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் காற்றாலைப் பண்ணையின் மிதவை, நீருக்குள் ஏறத்தாழ 78 மீட்டர் இறங்கி நிற்கும் ஒற்றைக் குழாய். அதை நார்வேயின் ஆழமான கடல் இடுக்கில் நிமிர்த்திப் பூட்டி, இழுத்துவந்தார்கள். நம் துறைமுகங்களில் அதற்கு ஆழம் போதாது. போர்ச்சுகலின் விண்ட்ஃபுளோட் மூன்று தூண் மிதவை; துறைமுகத்திலேயே காற்றாலையை ஏற்றிக் கடலுக்கு இழுத்துப்போனார்கள். வடசென்னைக்கு ஒத்துவருவது இதுதான்.

ஆனால் முதலில் வரப்போவது மிதவையே அல்ல. ஒன்றிய அரசு 2024இல் ஒப்புதல் தந்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் தமிழகக் கடலுக்கு 500 மெகாவாட். சுமார் 60 மீட்டர் ஆழம் வரை தரையில் ஊன்றி நிறுத்துவதே மலிவு. மன்னார் வளைகுடாவில் குறித்துவைத்த பகுதிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்குகின்றன. எண்ணெய் வயல்களுக்கான ஜாக்கெட்டுகளை, அதாவது கடலடியில் ஊன்றும் இரும்புச் சட்டகங்களை, காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி ஏற்கெனவே கட்டித் தந்திருக்கிறது. அத்தகைய யார்டுகள் வெளியே கொடுக்கும் ஏணி, கைப்பிடி, நடைமேடை, கேபிள் தாங்கி போன்றவைதான் உங்கள் வாசல்.

அந்த வாசலில் உங்களை நிறுத்துவது இயந்திரம் இல்லாமை அல்ல, காகிதம் இல்லாமை. தகட்டில் அடித்திருக்கும் ஹீட் நம்பரை, அதாவது அது எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் அதை ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் செய்கிறீர்களா? இல்லையென்றால், எந்தத் துண்டு எந்தச் சான்றிதழைச் சேர்ந்தது என்று ஆய்வாளரிடம் நிரூபிக்க முடியாது. அழகான வெல்டிங்கும் கழிவுதான். அலை ஓயாமல் ஆட்டும் இணைப்பில் சிறு விரிசலும் வளரும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

7018 வகை வெல்டிங் ராடுகளைப் பாக்கெட் பிரித்துத் திறந்தே வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கடற்காற்றின் ஈரம் ராடின் பூச்சில் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், மறுநாள்கூட விரிசல் விடும். ராடுகளைச் சூட்டில் உலர்வாக வைக்கும் அடுப்பு ஒன்று வாங்குங்கள், வெல்டர்களுக்குத் தகுதிச் சோதனை எடுங்கள், படித்த பையன் ஒருவனை, வெல்டுக்குள் இருக்கும் குறையை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சோதனைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்த இயந்திரக் கடனின் வட்டிக்கு முன்னால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.