தனி ஆளாக வெப்சைட் ரிப்பேர் மட்டும் பார்த்துப் பிழைக்க முடியுமா? நேர்மையாகத்தான் செய்வேன் என்றால் கட்டுப்படியாகுமா?

முடியும். ஈரோட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒன்பது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக சைட் கட்டித் தருவதில்லை, டிசைன் கிடையாது, விளம்பரம் பிடித்துத் தருவதும் கிடையாது. உடைந்ததைச் சரிசெய்வது மட்டும். பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் சைட்டுகள், ஏனென்றால் கடைக்காரரும் டிரஸ்ட்டும் பள்ளிக்கூடமும் அதில்தான் இருக்கிறார்கள்.

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான் என் வேலையும் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் டியூபைத் தண்ணீரில் முக்கி, "பாருங்க, இங்கதான் போகுது" என்று குமிழியைக் காட்டிவிடுவார். என் வேலையில் குமிழி கிடையாது. நான் பத்து நிமிடத்தில் முடித்தேனா, இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேனா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதோடு, கடைச் சாவி மாதிரி எல்லா பாஸ்வேர்டையும் அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஆக, இந்தத் தொழிலில் பொய் சொல்வது ரொம்பச் சுலபம், மாட்டிக்கொள்வதும் அபூர்வம். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் சைட்டைச் சொல்கிறேன். பல வருடமாக எழுதிய கட்டுரைகள், ஆயிரத்துக்கும் மேலே. சைட்டுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர்கள் சர்வர் மாற்றினார்கள், மறுநாள் காலையில் தமிழ் ஒரு வரி இல்லை. தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்து ஒன்று, வட்டத்துக்குள் ஆர் குறி ஒன்று, மறுபடி அதே இரண்டு, பக்கம் பக்கமாக. அவர் முதலில் கூப்பிட்டது என்னை இல்லை. வேறொருவர் ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டு "தொண்ணூறு சதவீதம் வந்துடுச்சு சார், மிச்சத்தைத் திரும்ப டைப் பண்ணணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டிருக்கிறார். என்னிடம் வரும்போது பக்கங்களில் தமிழ் இருந்தது, ஆனால் புள்ளி இல்லை, உகரம் இல்லை. 'முத்து' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு மகரம், இரண்டு தகரம், நடுநடுவே கேள்விக்குறி. "தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் பசங்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் தெரியவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாக வைத்துக்கொள்ளும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அதாவது மூன்று எண். வேர்ட்பிரஸ் கட்டுரைகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் 8.0 பதிப்பு வருகிறவரை, அதாவது 2018 வரை, யாரும் மாற்றி வைக்காவிட்டால் டேட்டாபேஸ் லத்தீன்-1 என்ற ரோமன் அட்டவணைப்படிதான் எழுத்தைச் சேமிக்கும். பழைய சைட்டுகளில் தமிழ் அந்தப் பெட்டிக்குள்தான் ஒளிந்து கிடக்கும், படிக்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே தப்பைச் செய்கிறவரை யாருக்கும் தெரியாது. சர்வர் மாறும்போது ஒருவன் மட்டும் திருந்திவிடுவான், அப்போது குட்டு வெளிப்படும். புள்ளி மட்டும் ஏன் போனது என்றால், புள்ளியின் மூன்றாவது பைட்டும் உகரக் குறியின் மூன்றாவது பைட்டும் விண்டோஸின் பழைய ரோமன் அட்டவணையில் எழுத்தே இல்லாத காலி அறைகளில் போய் விழுகின்றன. ஏ, ஐ இரண்டுக்கும் அதே கதி. கண்டிப்பான கன்வெர்ட்டர் காலி அறையைப் பார்த்ததும் கேள்விக்குறி போட்டுவிடும். மைஎஸ்க்யூஎல் அப்படிச் செய்யாது, காலி அறையிலும் பைட்டை அப்படியே பத்திரமாக வைத்திருக்கும். அதனால் கன்வெர்ட்டருக்கு முந்தைய பேக்கப் கிடைத்தால் போதும். ஹோஸ்டிங் பேனலில் ஒன்று கிடந்தது. லத்தீன்-1 என்றே சொல்லி வெளியே எடுத்து, அந்த ஃபைலில் லத்தீன்-1 என்றிருந்த பெயரை மட்டும் யூடிஎஃப்-8 என்று மாற்றி, உள்ளே ஏற்றினேன். எல்லாப் புள்ளியும் வந்துவிட்டது.

தேடிக் கண்டுபிடித்ததையும் சேர்த்து இரண்டு சாயங்காலம். ஆறாயிரம் ரூபாய் வாங்கினேன். முன்னவர் கேட்ட தொகையில் பாதி கேட்டிருந்தாலும் அவர் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இதில் அவள் சொல்வது முழுக்கத் தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலை என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டால் அடுத்த வாடிக்கையாளரின் பயத்தை நானே கொஞ்சம் ஊதிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால் மணிக்கணக்குதான். பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் கட்டணம், சரியாகவில்லை என்றால் அதற்கு மேல் வாங்குவதில்லை.

குமிழியைக் காட்ட நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் என்ன உடைந்திருந்தது, எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பிவிடுவேன். யாரும் முழுசாகப் படிப்பதில்லை. ஆனால் அடுத்து வேறொருவர் அந்த சைட்டைத் தொட நேர்ந்தால் அவருக்கு உதவும், அதைவிட முக்கியமாக, எழுத வேண்டும் என்று தெரிந்தால் நானே ஒழுங்காக வேலை பார்க்கிறேன்.

சங்கடமான இடம் ஒன்று அடிக்கடி வரும். நாட்டு விதை விற்கும் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார், கூகுளில் தேடி போனில் அவர் சைட்டைத் திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. அவர் லேப்டாப்பில் முகவரி அடித்துத் திறந்தால் ஒன்றும் இல்லை. கூகுள் வழியாக, அதுவும் மொபைலில் வருகிறவர்களை மட்டும் திருப்பிவிடும் வகை, சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாது என்றே எழுதியது. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி ஃபைல், அதாவது சர்வரில் ஓடும் நிரல், கிடந்தது. வந்த வழி, அவருக்கு சைட் செய்துகொடுத்தவர் போட்டிருந்த கிராக் தீம், அதாவது லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக எடுத்த சைட் தோற்றம். காசு கொடுத்து வாங்கியதாக இவரிடம் பில்லில் எழுதியிருக்கிறார். டொமைனும், அதாவது சைட்டின் முகவரியும், செய்துகொடுத்தவர் பெயரில்தான். இந்த மாதிரி நேரத்தில் முன்னவரைத் திட்டினால் வாடிக்கையாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார், எனக்கும் வாய் துறுதுறுக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த தீமுக்கு லைசென்ஸ் இல்லை, டொமைன் உங்கள் பெயரில் இல்லை, முதலில் இரண்டாவதை மாற்றுங்கள். மாற்றித் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை, என் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் இல்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் கடை ஒன்று, மதியம் ஒரு அப்டேட் செய்தேன், சைட் வெள்ளையாகிவிட்டது. பதற்றத்தில் முந்தின ராத்திரி எடுத்த பேக்கப்பை அப்படியே ஏற்றினேன். சைட் வந்தது, ஆனால் காலையிலிருந்து வந்த 14 ஆர்டர் போய்விட்டது. பேக்கப் என்றால் ஃபைல் வேறு, டேட்டாபேஸ் வேறு, கடையில் டேட்டாபேஸ் நிமிடத்துக்கு நிமிடம் வளர்கிறது என்பது எனக்குத் தெரியாததில்லை, அன்றைக்கு அவசரம். கடைக்காரருக்கு உடனே போன் செய்து சொன்னேன். பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயின் பட்டியலையும் ஆர்டர் மெயில்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்று வரை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன். அந்த மாதம் அவரிடம் காசு வாங்கவில்லை.

வருமானம்? அவசர வேலையை நம்பினால் ஒரு மாதம் பிரியாணி, ஒரு மாதம் பழைய சோறு. வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்தான் வாடகையைக் கட்டுகிறது. அதிலும் மாதம் ஒரு அப்டேட்டும் பேக்கப்பும் போதும் என்கிற சைட்டுக்கு அதற்கான காசுதான், மூன்று பக்கம் மட்டும் உள்ள, யாருமே எதையும் மாற்றாத சைட்டுக்கு ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சூதாட்டம், கடன் ஆப் சைட்டுகளை எடுப்பதில்லை. நல்ல காசு போகிறது, அது வாஸ்தவம். கம்பெனியில் இருந்திருந்தால் இதைவிட அதிகமாகத்தான் சம்பாதித்திருப்பேன்.

வேலையை விடுவதற்கு முன் ஒரு மாதம் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேர்ட்பிரஸ் போட்டு, நீங்களே உடைத்துச் சரிசெய்து பாருங்கள். பழைய பிளகின் (கூடுதல் வசதிக்கான துண்டு நிரல்) நாலைந்து போட்டு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியை 7.4-லிருந்து 8-க்கு மாற்றுங்கள். 7.4-க்கு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் அதிலேயே ஓடிக்கொண்டிருந்த சைட்டுகள் 8-க்கு மாறியதும் வெள்ளையாகி இன்றும் என்னிடம் வருகின்றன. சர்வர் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்து கடைசி வரியைப் படிக்கப் பழகுங்கள், பாதிக் கோளாறு தன் பெயரை அங்கேயே எழுதி வைத்திருக்கும். எதையும் தொடுவதற்கு முன் உடைந்த நிலையிலேயே ஒரு முழு காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம், முதல் வாடிக்கையாளர் கிடைத்து வேலை முடிந்ததும், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள், உங்களுக்குக் கொடுத்ததையும் சேர்த்து.