நெதர்லாந்தின் குளிர்காலத்தைச் சோர்ந்து போகாமல் கழிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: வேலைக்காக நெதர்லாந்துக்கு வந்து இது முதல் குளிர்காலம், மாலை நான்கரைக்கே இருட்டிவிடுகிறது, மழையும் ஓயவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, உற்சாகம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம், பேசாமல் டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டு வருவது நல்லதா?

உத்ரெக்ட் நகரில் எனக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். முதல் இரண்டையும் மிக மோசமாகக் கழித்தவன் என்ற தகுதியில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், இங்கே நம்மை வாட்டுவது குளிர் அன்று என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பனிப் பிரதேசத்துக்கே போதும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகக் கொடுத்த கனத்த பஞ்சு ஜாக்கெட் ஒன்றைத் தியாகராய நகரில் வாங்கிக்கொண்டு வந்தேன். நவம்பரின் முதல் மழையிலேயே அது தண்ணீரைக் குடித்து ஊறிப்போய், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் மூன்று நாட்கள் கிடந்துதான் காய்ந்தது. ஜனவரியில்கூட இங்கே சராசரி வெப்பநிலை 3, 4 டிகிரிதான். தரையில் பனி தங்கும் நாட்கள் குறைவு. மழையும் காற்றும் வெளிச்சமின்மையும்தான் பிரச்சினை. டிசம்பர் 21 வாக்கில் உத்ரெக்டில் சூரியன் காலை 8.45 மணிக்கு எழுந்து மாலை 4.30 மணிக்கு மறைந்துவிடுகிறது. அந்த ஏழே முக்கால் மணி நேரமும் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் கழிகிறது. இருட்டில் அலுவலகம் போய் இருட்டில் வீடு திரும்புகிறவர் திங்கள் முதல் வெள்ளி வரை பகலையே பார்ப்பதில்லை. நானோ இதற்கு மேலும் ஒரு படி போய், இரவு ஒரு மணி வரை தொடர் பார்த்துவிட்டுச் சனி, ஞாயிறுகளில் பதினொரு மணிக்கு எழுந்து, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே தொலைத்தேன்.

ஆகவே வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், நண்பகலில் அரை மணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள். டச்சு அலுவலகங்களில் பன்னிரண்டரைக்கு ரொட்டியைத் தின்றுவிட்டு இரண்டு மூன்று பேராகச் சுற்றி நடந்துவிட்டு வருவார்கள். அதற்கு ‘ஓம்மெச்செ’ என்று பெயர். தொடக்கத்தில் எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது. மேகமூட்டமான பகலிலும் வெளியில் இருக்கும் வெளிச்சம் அலுவலக விளக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும், உடலின் கடிகாரம் அதைக் கொண்டுதான் நேரம் பார்க்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. குடையை மறந்துவிடுங்கள், இங்குள்ள காற்றில் அது இரண்டு நாள் தாங்காது; மழை புகாத ஜாக்கெட்டும், கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் மழைக் கால்சட்டையும் வாங்குங்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் தெருவில் எப்போது மழை விடும் என்பதை ‘பவுயன்ராடார்’ செயலி ஐந்து ஐந்து நிமிடமாகக் காட்டும். இந்த நாட்டினர் ஜாதகத்தைவிட அதைத்தான் நம்புகிறார்கள்.

இன்னொன்று நம் தோல் நிறம் சார்ந்தது. கருமையான தோலுடையவர்கள் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது டச்சு சுகாதாரக் கவுன்சிலின் பரிந்துரை. எந்த மருந்துச் சரக்குக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

இனி நீங்கள் கேட்ட உற்சாகத்துக்கு வருகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தை ஒரே மூட்டையாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதுதான் நான் செய்த பெரிய தவறு. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம், மார்கழியில் கோலம், தையில் பொங்கல் என்று நாம் அடைமழையையும் பனியையும் தேதி தேதியாகக் கடப்பதைப் போலவே, டச்சுக்காரர்களும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தேதியை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதிகளை உங்கள் நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையையும் பிடித்து வைத்துவிட வேண்டும். அன்று காலையில் எழுந்து ‘போகலாமா’ என்று யோசித்தால் போகமாட்டீர்கள்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அவர் உத்ரெக்டின் காவல் புனிதர் என்பதால், அதையொட்டி இங்கே பெரிய பெரிய காகித விளக்கு உருவங்களைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போகிறார்கள். வட ஹாலந்து, குரோனிங்கன் பகுதிகளில் குழந்தைகள் கையில் விளக்கோடு வீடு வீடாகப் பாடி மிட்டாய் வாங்குகிறார்கள். சில நாட்களிலேயே, குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் வெண்தாடித் தாத்தாவான சின்டர்கிளாஸ் படகில் வந்து இறங்கிவிடுவார். அவருடைய உதவியாளர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளும் வழக்கம் பற்றிய நீண்ட சச்சரவை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கும் அது நெருடலாகவே இருந்தது, இப்போது பல ஊர்களில் கரித் தீற்றலோடு நிறுத்திக்கொண்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது டிசம்பர் 5 மாலைதான். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொருவர் பெயரை எடுத்து, பரிசோடு அவரைக் கிண்டல் செய்யும் செய்யுள் ஒன்றையும் எழுதி, கீழே சின்டர்கிளாஸ் என்று கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும். கூட்டத்துக்கு எப்போதும் தாமதமாக வரும் சக ஊழியர் ஒருவருக்காக நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து டச்சு மொழியில் பதினாறு வரிகள் எழுதினேன். வாசித்தவர் சிரித்துவிட்டு, “எல்லாம் சரி, ஆனால் எதுகையே இல்லையே” என்றார். நன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கியது: பழக்க தோஷத்தில் எதுகையை எல்லாம் நான் அடியின் தொடக்கத்தில் வைத்திருந்தேன், அவர்கள் அதை அடியின் முடிவில் தேடிக்கொண்டிருந்தார்கள்! அந்த மாலைதான் அலுவலகத்தில் என்னை வேற்று ஆளாகப் பார்ப்பது நின்ற நாள்.

டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, உத்ரெக்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள கௌடாவுக்குப் போய்விடுங்கள். பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன அதே ஊர்தான். மெழுகுவத்தித் தொழிலுக்கும் அது பெயர் பெற்றது. அன்று சந்தைத் திடலின் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, 15ஆம் நூற்றாண்டு நகர மண்டபத்தின் ஜன்னல்கள் முழுவதிலும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நார்வேயின் கோங்ஸ்பெர்க் நகரம் அனுப்பும் பெரிய மரத்தின் அடியில் நின்று கூட்டம் பாடுகிறது. கார்த்திகை தீபத்தன்று தெருமுனையில் நின்று நம் தெருவைப் பார்க்கும் உணர்வு அங்கே எனக்கு வந்தது.

இந்தத் தேதிகளுக்கு இடையில் வரும் வெறும் வாரக் கடைசிகளுக்குச் சமையலைவிட நல்ல துணை இல்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மூதாட்டி எனக்கு ‘ஸ்னெர்ட்’ எனப்படும் பட்டாணி சூப்பைக் கற்றுக்கொடுத்தார். அரைக் கிலோ உடைத்த பச்சைப் பட்டாணியை ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் குழைய விட்டு, செலரிக் கிழங்கு, லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வெட்டிப் போட்டு, கடைசியில் புகையூட்டிய சாசேஜைத் துண்டு போட வேண்டும். பருப்பு என்றதும் நான் குக்கரை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது விசிலில் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரம் ஆளுக்கொரு முறை கிண்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். ஸ்னெர்ட் செய்வதே அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நடுவில் நட்ட கரண்டி சாயாமல் நிற்க வேண்டும் என்பது பதம். அது மறுநாள்தான் கைகூடும். சைவர்கள் சாசேஜை விட்டுவிடலாம். நான் அதற்குப் பதில் மிளகும் சீரகமும் நெய்யில் தாளித்துக் கொட்டுகிறேன்; மூதாட்டி அதை ஸ்னெர்ட் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஆனாலும் இரண்டாம் கிண்ணம் வாங்கிக்கொள்கிறார்.

ஆண்டு இறுதியில் ‘ஒலிபோல்லன்’ தள்ளுவண்டிகளின் வாசனை தெருவெல்லாம் வரும். ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவில் உலர்திராட்சை கலந்து எண்ணெயில் பொரித்து, பொடித்த சர்க்கரை தூவித் தருவார்கள். இனிப்புப் போண்டாவின் தூரத்து உறவு. ஜனவரி 1 அன்று ஸ்கேவெனிங்கன் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் ஆரஞ்சு நிறக் குல்லாயோடு வட கடலுக்குள் ஓடுகிறார்கள். நான் ஒருமுறை கரையில் நின்று அவர்களின் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவே எனக்குப் போதுமான பங்கேற்பு.

உறைந்த நீரின் மேல் சறுக்கும் பனிச்சறுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டுக்கு அது விளையாட்டுக்கும் மேல். வடக்கு மாகாணமான ஃபிரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களை உறைந்த கால்வாய்கள் வழியே ஒரே நாளில் சுற்றிவரும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பந்தயம் 1909 முதல் இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4 அன்று. வழி நெடுக 15 சென்டிமீட்டர் தடிமனில் பனிக்கட்டி உறைந்தால்தான் நடத்த முடியும், அப்படி உறைவதே இல்லை. ஆனாலும் நான்கு நாள் கடுங்குளிர் அடித்தால் போதும், அலுவலகத்தில் வேறு பேச்சே இருக்காது. 2021 பிப்ரவரியில் அப்படி ஒரு வாரம் வந்தபோது, ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களின் மீதே மக்கள் சறுக்கினார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் என் மேலாளர் அன்று பள்ளிக்கூடப் பையனாக மாறியதைக் கண்ணால் கண்டேன்.

இயற்கைப் பனிக்கட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உத்ரெக்டின் ஃபெக்ட்ஸபானன் போன்ற செயற்கைத் தளங்களில் காலணியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முதியோர் நடைவண்டி போன்ற ஒரு தாங்கியைத் தள்ளிக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சமையலறை நாற்காலியைத் தள்ளித்தான் எல்லோரும் கற்றார்களாம். முதல் நாள் என்னைத் தாண்டிப் போன நான்கு வயதுக் குழந்தை திரும்பிப் பார்த்து, முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. அந்த அறிவுரை சரியானதுதான். நிமிர்ந்து நின்றால் விழுவோம். வெட்டவெளிக் குளம் உறைந்தால் மட்டும், உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக இறங்கும் வரை காலை வைக்காதீர்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

ஜனவரி கொண்டாட்டம் வறண்ட மாதம். விளக்குகளைக் கழற்றிவிடுவார்கள், வானம் மட்டும் அப்படியே இருக்கும். அதில் எனக்கு இரண்டு பிடிமானங்கள் உண்டு. மூன்றாவது சனிக்கிழமை ஆம்ஸ்டர்டாமில் துலிப் நாள், திடல் நிறைய வைத்திருக்கும் துலிப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பறித்துக்கொள்ளலாம். மாதத்தின் கடைசி வாரக் கடைசியில் நாடு தழுவிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு: ஜன்னலருகே அரை மணி நேரம் உட்கார்ந்து, வந்த பறவைகளை எண்ணி அனுப்பினால் போதும். உப்பிடாத நிலக்கடலையைத் தோலோடு சரமாகக் கோத்து பால்கனியில் தொங்கவிட்டால், மஞ்சள் வயிற்றில் கறுப்புக் கோடு ஓடும் கூல்மேஸ் என்ற சிறு பறவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தும். பெரும்பாலான ஆண்டுகளில் இந்தக் கணக்கில் முதலிடம் பெறுவது நம் சிட்டுக்குருவிதான். ஊரில் என் தெருவில் காணாமல் போனதை இங்கே ஏழு என்று குறித்துக்கொண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சம் விசித்திரமானது.

இவ்வளவு செய்தும் பல வாரங்களாகப் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, பசியும் தூக்கமும் தாறுமாறாகிவிட்டன என்றால், அது கோலாகலத்தால் தீரக்கூடியது அன்று. உங்கள் குடும்ப மருத்துவரிடம் குளிர்கால மனச்சோர்வு என்றே பெயர் சொல்லிப் பேசுங்கள். 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரும் சிகிச்சை இங்கே வெகு சாதாரணம், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

ஊருக்குப் போவதைப் பொறுத்தவரை, டிசம்பரில் போகாதீர்கள் என்பதே என் கருத்து. விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் என்பது ஒருபுறம் இருக்க, இந்தக் குளிர்காலம் தரக்கூடிய நல்லவை எல்லாம் நடக்கும் மாதம் அது. அப்போது ஊரில் இருந்துவிட்டு வெறும் ஜனவரிக்குத் திரும்புவது, விருந்தை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ வருவது போல. அந்தத் தவற்றை இரண்டாம் ஆண்டில் செய்துபார்த்துவிட்டேன். பொங்கலுக்கு வீட்டில் இருந்தே தீரவேண்டும் என்றால் அது வேறு விஷயம். நான் இம்முறை பறவைக் கணக்கை அனுப்பிவிட்டு, பிப்ரவரி 8 அன்று சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது மாலை ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.