கடை வாசல்ல கூடுற பசங்க: கேள்வி பதில்

பெங்களூர்ல அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் பதினெட்டு வருஷமா கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமராவும் லைட்டும் மாட்டிக்கிட்டிருக்கேன். வாரத்துக்கு நாலு பேராவது கேக்கறது ஒண்ணுதான்: "அண்ணா, ஒரு கேமரா போட்டா இந்தப் பசங்க போயிடுவாங்களா?" கேமரா விக்கறவனே சொல்றேன், போக மாட்டாங்க. ஏன்னு கேட்டு வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: லிங்கராஜபுரத்துல பேக்கரி வெச்சிருக்கேன். ஆறு மணியானா பத்துப் பன்னெண்டு பசங்க வாசப்படியில உக்காந்துடறாங்க. கெட்ட வார்த்தை, எச்சில். பொம்பளைங்க பன் வாங்க வர்றதே நின்னு போச்சு. ஆனா அவங்களாலயும் கொஞ்சம் வியாபாரம் நடக்குது, ஒரேயடியா துரத்தவும் மனசில்ல.

கடைசி வரியில விஷயத்தச் சொல்லிட்டீங்க. காக்ஸ் டவுன்ல இதே மாதிரி ஒரு பேக்கரிக்கு கேமரா மாட்டப் போனேன். ஏணியச் சாத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா நின்னு பாத்தேன். ஜூஸ் ஃப்ரிட்ஜுக்குன்னு வெளியில ஒரு ப்ளக் பாயின்ட். அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல நாலு போன் சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. பக்கத்துல ரெண்டு பால் கிரேட்டைக் கவுத்துப் போட்டு சோபா. மேல தகர ஷீட், மழை படாது. கடைக்காரரே அவங்களுக்கு ஹால் கட்டிக் குடுத்திருக்காரு!

ப்ளக்க உள்ள மாத்தினோம். கிரேட்டெல்லாம் சாயங்காலமே உள்ள போச்சு. படி ஓரமா நாலு செடித்தொட்டி. கேமரா ரெண்டு வாரம் கழிச்சுதான் போட்டேன், அதுக்குள்ளயே கூட்டம் பாதியாயிடுச்சு. மீதிப் பாதி சிகரெட்டுக்கு வர்றவங்க. அங்கதான் நீங்க உஷாரா இருக்கணும். கர்நாடகாவுல 2025-ல வந்த சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 21 வயசுக்குக் கீழ யாருக்கும் புகையிலைப் பொருள் விக்கக் கூடாது, முன்ன 18-ஆ இருந்துச்சு. பாக்கெட்டுலேர்ந்து ஒண்ணு ரெண்டு உருவிக் குடுக்கறதும் தப்பு. பதினெட்டு ஆகாத பையனுக்குக் குடுத்தா சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவுல ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். பையன் மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போயி நீங்க மாட்டிக்காதீங்க. அந்த வியாபாரத்த விட்டுட்டுப் பாருங்க, பன் வாங்க வர்றவங்க திரும்பி வருவாங்க.

கேள்வி: சின்னப் பசங்க காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி ஒரு மிஷின் இருக்காமே? பெரியவங்களுக்குக் கேக்காதாம். வாங்கிப் போடலாமா? (ஈஜிபுரா)

இருக்கு. ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன்னு பிரிட்டன்ல வேல்ஸ் பக்கத்துக்காரர் ஒருத்தர் 2005-ல செஞ்சாரு. பேரு 'மஸ்கிட்டோ', கொசு. அங்க பாரிங்கிற ஊர்ல ஒரு கடை வாசல்லதான் முதல்ல மாட்டிப் பாத்தாங்க. 17.4 கிலோஹெர்ட்ஸ்ல கீச்சுனு ஒரு சத்தம். வயசு ஏற ஏற உள்காதுல மேல் ஸ்தாயியைப் பிடிக்கற மயிர் செல்லுங்கதான் முதல்ல போகும். அதனால இருபத்தஞ்சு தாண்டினவங்கள்ல நிறையப் பேருக்கு அது கேக்காது, பசங்களுக்குத் தாங்காது. மறு வருஷமே அவருக்கு இக் நோபல் பரிசு குடுத்தாங்க. சிரிக்க வெச்சு யோசிக்க வைக்கற பரிசு அது. பசங்க சும்மா இருப்பாங்களா? அதே சத்தத்த ரிங்டோனாக்கி, வாத்தியாருக்குக் கேக்காம கிளாஸ்ல போன் வெச்சுக்கிட்டாங்க. 2010-ல ஐரோப்பிய கவுன்சிலோட நாடாளுமன்ற அவை, பொது இடத்துல இத தடை பண்ணணும்னு பரிந்துரை பண்ணுச்சு.

ஒரு நாள் வீட்டுல போன்ல டோன் ஆப் போட்டு ஏத்திக்கிட்டே போனேன். பதினாலு கிலோஹெர்ட்ஸ் தாண்டினதும் எனக்கு ஒண்ணுமே இல்ல, ஸ்பீக்கர் செத்துப் போச்சுன்னு நெனச்சேன். உள் ரூம்லேர்ந்து என் பொண்ணு, "அப்பா, அத நிறுத்து!"ன்னு கத்தறா. அவ என்ன தப்பு பண்ணா? ஈஜிபுரால மூணு மாடி, சுவத்துக்குச் சுவர் ஒட்டின வீடுங்க. உங்க மாடியில தொட்டில்ல இருக்கற குழந்தைக்குக் கேக்கும், தெரு நாய் அத்தனைக்கும் கேக்கும், இருபத்தாறு வயசு ரௌடிக்கு மட்டும் கேக்காது. குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரை சத்த அளவு 45 டெசிபல்தான்னு 2000-ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளெய்ன்ட் குடுத்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க. எனக்கு ஆர்டர் குடுத்தாலும் மாட்ட மாட்டேன்.

கேள்வி: மர்ஃபி டவுன்ல எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருட்டுல நிக்கறாங்க. நான் தனியா இருக்கறவ, வயசு அறுபத்தெட்டு.

அம்மா, முதல்ல தெருவிளக்கு. கம்பத்துல பெயின்ட்ல எழுதியிருக்கற நம்பரக் குறிச்சு மாநகராட்சிக்கு புகார் குடுங்க. நம்பர் இல்லாம குடுத்தா ஆள் தேடிக்கிட்டே இருப்பான். படிக்குக் கீழ ஒரு சென்சார் லைட், ஆள் நடமாடினா தானா எரியறது, போதும். பெரிய ஃபோகஸ் லைட் வேணாம். எதிர்வீட்டு ஜன்னல்ல அடிச்சு சண்டை வரும், லைட்டுக்குப் பின்னாடி நிழல்லயும் ஆள் நிக்கலாம். அந்தப் பசங்கள்ல ஒருத்தன் அம்மாவாவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டு காய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. பேர் தெரிஞ்ச வீட்டு முன்னாடி எச்சில் துப்பறவன் கம்மி.

கேள்வி: ஸ்ரீராமபுரம். பதினஞ்சு வயசுப் பசங்க டியோ ஸ்கூட்டர்ல வீலிங் பண்றாங்க, முன் சக்கரத்தத் தூக்கிக்கிட்டு ஓட்டறது. ரோட்டுல ஆயில் ஊத்திடலாம்னு எங்க கிராஸ் தெருவுல பேசிக்கறாங்க.

ஊத்தாதீங்க! ஒருத்தன் விழுந்து மண்டை உடைஞ்சா கேஸ் உங்க மேல. வண்டி நம்பர் தெரியற மாதிரி வீடியோ எடுங்க, தேதி நேரத்தோட டிராஃபிக் ஸ்டேஷன்ல குடுங்க. அப்பவே நடக்குதுன்னா 112, ஹொய்சளாங்கிற போலீஸ் ரோந்து வண்டி வரும். மோட்டார் வாகனச் சட்டத்துல 199-ஏ பிரிவு 2019 திருத்தத்துல சேந்தது: மைனர் வண்டி ஓட்டிக் குத்தம் பண்ணா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இத அப்பா காதுல ஒரு தடவை நிதானமாச் சொல்லுங்க. பாதி வீட்டுல சாவி அன்னிக்கே பீரோவுக்குள்ள போயிடும்.

கேள்வி: நாலு தட்டு தட்டினா சரியாகாதா?

ஆகாது. நானே பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன். என் கடை வாசல்ல ஒருத்தன் காலரப் பிடிச்சுத் தள்ளினேன். மறுநாள் காலையில என் வண்டி சீட் பிளேடால குறுக்கும் நெடுக்கும் கிழிஞ்சு கெடந்துச்சு. யாருன்னு தெரியும், சாட்சி இல்ல. போலீஸாலயே பதினெட்டு ஆகாதவன லாக்கப்புல வைக்க முடியாது, இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள சிறார் நீதி வாரியத்துல நிறுத்தணும். நீங்க எம்மாத்திரம்?

கேள்வி: விவேக்நகர்ல பிஜியில, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில, இருக்கேன். ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கமென்ட் அடிக்கறாங்க, ரெண்டு நாள் பின்னாடியே வந்தாங்க.

இது வேற கேஸ்மா, மேல சொன்ன செடித்தொட்டி வைத்தியம் இதுக்கில்ல. பாரதிய நியாய சம்ஹிதான்னா இப்ப இருக்கற குற்றவியல் சட்டம்; அதுல பின்தொடர்றது 78-ஆம் பிரிவு, கமென்ட் 79. ரெண்டுக்கும் மூணு வருஷம் வரை தண்டனை உண்டு. எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், 'எங்க லிமிட் இல்ல'ன்னு திருப்பி அனுப்ப முடியாது. பின்னாடி வந்துக்கிட்டிருக்கும்போதே 112 அடிங்க, வீடு போய்ச் சேந்தப்புறம் இல்ல.

கேள்வி: நிக்கற பசங்கள்ல என் பையனும் ஒருத்தன். ஒரே ரூம் வீடு. அவங்கப்பா பத்து மணி ஷிஃப்டுக்குப் போறவரைக்கும் தூங்குவாரு, சத்தம் கூடாது. திட்டினா வெளியில போயிடறான்.

வேற எங்கம்மா போவான்? எங்க கிராஸ்லயும் இதே கததான். ஆறு கடைக்காரங்க பணம் போட்டு ஒரு கேரம் போர்டு வாங்கினோம். அரசமரத்து மேடைக்கு மேல நான் ஒரு எல்இடி தொங்கவிட்டேன். பத்து மணிக்கு போர்டு டெய்லர் கடைக்குள்ள போயிடணும், அது ஒண்ணுதான் சட்டம். முதல் மாசம் ரெண்டு தடவ ஸ்ட்ரைக்கர் காணாமப் போச்சு, ஒரு தடவ கைகலப்பு. அப்புறம், இருக்கறதுலயே அதிகமா வம்பு பண்ற பையன் கையில சாவியக் குடுத்தோம். இப்ப அவன்தான் மத்தவங்கள ஒம்பதே முக்காலுக்கு எழுப்பி விடறான். உங்க பையனையும் சனிக்கிழம அனுப்புங்க, லைட் வயரிங்குக்கு கை ஆள் வேணும்.

ஒரு தகராறு மட்டும் தீரல. கேரம் பவுடர் ஒட்டி பிளவுஸ் துணியெல்லாம் வெள்ளையாகுதுன்னு டெய்லர் என்கிட்ட வந்து நிக்கறாரு. போர்டுக்கு உறை தெச்சுத் தர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு, துணி என் செலவு.